மீன்தொட்டியில் எழுதப்பட வேண்டிய திகதி

கௌரவ ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அலங்கார மீன் விற்கும் கடைகளில் வாங்கப்படும் மீன்கள், வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் நோயுற்று மடிவது எவரும் வியப்படையாத சாதாரண விடயமாகிவிட்டது. வாங்கியவர் மறுபடியும் கடைக்குப் போனால், "தண்ணீர் சரியில்லை", "சாப்பாடு கூடப் போட்டிருப்பீர்கள்" என்ற பதிலோடு புதிய மீனும் ஒரு போத்தல் மருந்தும் அவரிடம் விற்கப்படுகின்றன. சில வேளைகளில் அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அந்த மீன் கடையை விட்டு வெளியேறும்போதே நோயைச் சுமந்துகொண்டுதான் வருகிறது என்பதையும், அதைத் தடுக்க மிக எளிய ஒரு நடைமுறை பெருமளவு உதவும் என்பதையும் உங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன். கடையில் உள்ள ஒவ்வொரு தொட்டியிலும், அதிலுள்ள மீன்கள் கடைக்கு வந்திறங்கிய திகதி எழுதப்பட வேண்டும். வந்திறங்கி இரண்டு வாரங்கள் நிறைவடையாத மீன் விற்கப்படக் கூடாது. என் கோரிக்கை இவ்வளவுதான்.

இதன் அவசியத்தை விளங்கிக்கொள்ள, ஒரு கப்பி மீன் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ உள்ள கடைக்கு வந்து சேரும் வழியைப் பார்க்க வேண்டும். வளர்ப்பவரின் சீமெந்துத் தொட்டியிலோ மண் குளத்திலோ வளர்ந்த மீன், சேகரிப்பவர் ஒருவரின் கைக்கு மாறி, அங்கே வேறு பண்ணைகளிலிருந்து வந்த மீன்களோடு கலக்கிறது. பயணத்தில் தண்ணீர் அழுக்காகாதிருப்பதற்காக ஒன்றிரண்டு நாட்களுக்கு உணவு நிறுத்தப்படுகிறது. பிறகு ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் நெருக்கமாக அடைக்கப்பட்டு, வான்களில் மணிக்கணக்காகப் பயணம் செய்கிறது. பட்டினி, நெரிசல், வெப்பம், தண்ணீரின் திடீர் மாற்றம் ஆகிய யாவும் சேர்ந்து அதன் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுகின்றன. உடலை மூடிக் காக்கும் வழுவழுப்பான சளிப்படலமும் வலையில் உரசிப் பழுதடைகிறது. பண்ணையில் சிறு எண்ணிக்கையில் இருந்தபோது தீங்கு செய்யாத ஒட்டுண்ணிகளும் பற்றீரியாக்களும் தலையெடுப்பதற்கு இதைவிட வாய்ப்பான தருணம் வேறில்லை. ஆயினும் நோய் கண்ணுக்குத் தெரியச் சில நாட்கள் எடுக்கும். அந்தச் சில நாட்களுக்குள் மீன் விற்றுப் போய்விடுகிறது. நோய் வெளிப்படுவது வாங்கியவரின் தொட்டியில். பழியும் அவர் மீதே விழுகிறது.

அண்மையில், காலி வீதியை அண்டியுள்ள ஒரு கடைக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக மொலி மீன் பார்க்கப் போயிருந்தேன். விற்பனை உதவியாளரான இளைஞர், "ஐயா, நேற்றுப் பின்னேரம்தான் வந்தது, நல்ல புது மீன்" என்று உற்சாகத்தோடு சொன்னார். அவர் என்னை ஏமாற்ற முயலவில்லை. அதை அந்த மீனுக்குரிய நற்சான்றாக எண்ணியே சொன்னார். சமையலுக்கு வாங்கும் மீனில் புதுமை ஒரு தகுதி. தொட்டியில் வளர்க்க வாங்கும் மீனில் அதுவே வாங்காதிருக்கப் போதுமான காரணம் என்பதை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான் கண்ணாடியின் அருகே குனிந்து பார்த்தபோது, கறுப்பு மொலி ஒன்று முன்னே நகராமல் ஓரிடத்திலேயே நின்றபடி உடலை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. முதுகுச் செட்டையை உடலோடு ஒட்ட மடித்து வைத்திருந்தது. இன்னொன்று சரளைக் கற்களில் பக்கவாட்டாக உரசிவிட்டு மேலெழுந்தது. கறுப்பு உடலில் வெண்புள்ளி எளிதில் தெரியும். அதன் வால் ஓரத்தில் இரண்டோ மூன்றோ இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இளைஞர் அதே தொட்டியில் கைவலையை விட்டு வேறொருவருக்கு மீன் பிடித்துக் கொடுத்தார்; பின்னர் வலையை ஒருமுறை உதறிவிட்டு, நீர் சொட்டச் சொட்ட, அடுத்த தொட்டியில் இருந்த ஏஞ்சல் மீன்களுக்குள் விட்டார்.

அந்தப் புள்ளிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஒரு நோயை விளங்கிக்கொண்டால் திகதியின் பயன் தானாக விளங்கிவிடும். மீன் வளர்ப்போர் "இக்" என்று சுருக்கமாக அழைக்கும் வெண்புள்ளி நோய், இக்தியோப்திரியஸ் என்ற ஒருகல ஒட்டுண்ணியால் உண்டாகிறது. அது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து, அங்கேயே உண்டு வளர்கிறது. உப்புத் தூவியதுபோல நமக்குத் தெரியும் புள்ளி ஒவ்வொன்றும் அப்படி வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் ஒட்டுண்ணியின் இருப்பிடம். முதிர்ந்ததும் அது மீனை விட்டு விழுந்து, கல்லிலோ கண்ணாடியிலோ செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொண்டு உள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. உறை வெடித்து வெளிவரும் அவை நீந்தித் திரிந்து, ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் இறந்துவிடும். மருந்து வேலை செய்வது இவ்வாறு நீந்தித் திரியும் பருவத்தில் மட்டுமே. தோலுக்கு அடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் அது எட்டுவதில்லை.

இதனால்தான் மருந்து போட்ட மூன்றாம் நான்காம் நாளில் புள்ளிகள் மறைந்ததைக் கண்டு, நோய் மாறிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் அடுத்த வாரம் முன்னதை விடப் பன்மடங்கு புள்ளிகளைக் காண்கிறார்கள். புள்ளி மறைந்தது ஒட்டுண்ணி பெருகப் போயிருக்கிறது என்பதற்கான அடையாளமே. நுவரெலியாவின் குளிர்ந்த தண்ணீரில் இந்தச் சுற்று முடியப் பல வாரங்கள் எடுக்கக்கூடும். கொழும்பில் ஹீட்டர் இல்லாத தொட்டியிலேயே தண்ணீர் 27, 28 பாகை செல்சியசில் நிற்பதால், ஒரு வாரத்துக்குள் அது முடிந்துவிடுகிறது. அதாவது, கடையில் இரண்டு வாரங்கள் நிறுத்தி வைக்கப்படும் மீன்கூட்டத்தில் இந்த ஒட்டுண்ணி இருந்தால், அது குறைந்தது இரண்டு முறை பெருகித் தன்னை வெளிக்காட்டியே தீரும். நான் கேட்கும் இரண்டு வாரம் இந்தக் கணக்கிலிருந்து வருவது. கொழும்பின் வெப்பம் நோயை விரைவுபடுத்துகிறது. அதே வெப்பம் நோயை விரைவில் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது.

திகதி எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. பல கடைகளில் வரிசையாக உள்ள தொட்டிகள் அனைத்தும் குழாய்களால் இணைக்கப்பட்டு, ஒரே வடிகட்டியின் ஊடாகத் தண்ணீர் சுற்றிவருகிறது. அத்தகைய ஏற்பாட்டில் மேல் தட்டில் உள்ள தொட்டிக்கு ஒரு மாதத்துக்கு முந்திய திகதியும் கீழ்த் தட்டில் உள்ளதற்கு நேற்றைய திகதியும் எழுதினால் இரண்டும் பொய்யாகிவிடும். தண்ணீர் ஒன்றாக இருந்தால் நோயும் ஒன்றுதான். ஆகவே ஒரே தண்ணீரைப் பகிரும் தொட்டிகள் அனைத்துக்கும் கடைசியாக வந்திறங்கிய மீனின் திகதியே எழுதப்பட வேண்டும். புதிதாக வரும் மீன்களுக்கென்று தனி வடிகட்டியும் தனிக் கைவலையும் உள்ள ஓரிரு தொட்டிகள் கடையின் பின்புறத்தில் இருந்தாலே இதைக் கடைப்பிடிக்க முடியும்.

இந்த நடைமுறை வரும்வரை வாங்குவோர் தம் கண்களை நம்ப வேண்டியதுதான். பிடித்தமான ஒரு மீனை மட்டும் பார்த்துவிட்டு விரல் காட்டுவதை விடுத்து, முழுத் தொட்டியையும் சில நிமிடங்கள் நின்று கவனிக்க வேண்டும். ஒரு மீனாவது இறந்து கிடந்தால், மற்றவை எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்குவது புத்திசாலித்தனமல்ல. செட்டைகளை மடித்துக்கொண்டிருத்தல், கல்லில் உரசுதல், நீர்மட்டத்தில் வந்து வாயால் மூச்சு வாங்குதல், செவுள் மூடி விரைவாக அடித்துக்கொள்ளுதல், வயிறு உட்குழிந்திருத்தல் ஆகியவை எந்த இனத்திலும் கெட்ட அறிகுறிகள். கையடக்கத் தொலைபேசியின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கும்போது உடலில் பொன்துகள் படிந்ததுபோல மினுங்கினால், அது வெல்வெட் என்ற இன்னோர் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். கப்பியின் மலவாயிலிலிருந்து மெல்லிய சிவப்பு நூல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அவை குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கமலானஸ் புழுக்கள். அந்தத் தொட்டியில் உள்ள மற்ற மீன்களுக்கும் அவை பரவியிருக்க நிறைய வாய்ப்புண்டு. ஒரு சிட்டிகை உணவு போடச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நலமான மீன் உணவுக்கு ஓடி வரும். ஒதுங்கி நிற்பது ஏதோ சொல்கிறது.

வாயைச் சுற்றியோ முதுகிலோ வெண்பஞ்சு போன்ற படலம் தெரியும்போது, அதைப் "பங்கசு" என்று சொல்லிப் பங்கசு மருந்து கொடுப்பது நம் கடைகளில் வழக்கம். பெரும்பாலான வேளைகளில் அது கொலம்னாரிஸ் என்ற பற்றீரியா நோய். வெதுவெதுப்பான தண்ணீரில் இது ஓரிரு நாட்களில் மீனைக் கொன்றுவிடக் கூடியது. வெண்புள்ளிக்குத் தண்ணீரின் வெப்பத்தை 30 பாகைக்கு உயர்த்துவது உதவும். அதே உபாயத்தைக் கொலம்னாரிசுக்குச் செய்தால் நோய்க்கு நாமே துணைபோவதாகிவிடும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து போடுவதிலுள்ள ஆபத்துக்கு இது ஒன்றே போதிய சான்று.

மருந்து விற்கப்படும் முறைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பெயரோ அளவோ காலாவதித் திகதியோ எழுதப்படாத சிறு பொலித்தீன் பொட்டலத்தில் மஞ்சள் தூளைக் கட்டி, "இதைப் போடுங்கள், எல்லா வருத்தத்துக்கும் சரிவரும்" என்று கொடுக்கும் வழக்கத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் கண்டிருக்கிறேன். அது அக்ரிபிளேவின் என்ற கிருமிநாசினியா, தெற்றாசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியா என்று வாங்குபவருக்குத் தெரியாது. விற்கும் உதவியாளருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. வெண்புள்ளி ஒட்டுண்ணியால் வருவது. அதற்கு நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. வடிகட்டியில் வாழ்ந்து தண்ணீரைச் சுத்திகரிக்கும் நல்ல பற்றீரியாக்கள் பாதிக்கப்படக்கூடும். எஞ்சிய மருந்து தொட்டித் தண்ணீரோடு வடிகானுக்குப் போகிறது. அங்கு மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாக நாமே வழிசெய்கிறோம். மனிதருக்கு வைத்தியரின் சிட்டை இல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கக் கூடாது என்பதில் இந்நாட்டில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதே மருந்து மீன் கடையில் கரண்டியால் அள்ளி விற்கப்படுவதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்? வெண்புள்ளிக்கு விற்கப்படும் பச்சை நிறத் துளிகளில் பெரும்பாலும் இருப்பது மலக்கைற் கிறீன். அது உண்மையிலேயே பயன் தரும் மருந்துதான். ஆயினும் உணவுக்கான மீன்களில் அதைப் பயன்படுத்துவதைப் பல நாடுகள் தடைசெய்திருக்கும் அளவுக்கு நச்சுத்தன்மை கொண்டது. கையுறை அணியாமல் அதைத் தொடக் கூடாது என்று போத்தலில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பிள்ளைகள் ஆசையோடு வந்து வாங்கும் இடம் அது.

"தண்ணீர் சரியில்லை" என்ற பதிலில் உண்மையும் இருக்கக்கூடும் என்றேன். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தலேயில் களனி கங்கையிலிருந்தும் பெறப்பட்டுக் குளோரின் சேர்க்கப்பட்டு வருவது. குளோரின் செவுளை எரிக்கும். தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தோ, குளோரினை நீக்கும் துளிகள் இட்டோதான் தொட்டியில் விட வேண்டும். மேலும் நமது ஈரவலயத் தண்ணீர் மிக மென்மையானது; அமிலமாவதைத் தடுக்கும் உப்புகள் அதில் குறைவு. ஆகவே பல வாரம் தண்ணீர் மாற்றாத தொட்டியில் அமிலத்தன்மை திடீரென ஏறிவிடும். புதிதாக அமைத்த தொட்டியில் மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். தொட்டியும் கல்லும் வடிகட்டியும் பத்து மீனும் ஒரே நாளில், ஒரே பற்றுச்சீட்டில் விற்கப்படும்போது, அந்த மீன்கள் நோயில்லாதவையாக இருந்தாலும் தம் கழிவின் நஞ்சிலேயே மூழ்குகின்றன. இதைத் தெரிந்த கடைக்காரர், "தொட்டியை இன்று கொண்டு போங்கள், மீனுக்கு அடுத்த மாதம் வாருங்கள்" என்று சொன்னால் வாடிக்கையாளரை இழக்க மாட்டார். அப்படிச் சொல்லும் பெரியவர் ஒருவரின் கடைக்குத்தான் நான் ஆண்டுக்கணக்காகப் போய்வருகிறேன்.

வீட்டில் செய்யக்கூடியது, புதிய மீனைப் பழைய மீன்களோடு உடனே சேர்க்காதிருப்பது. இதற்கு இன்னொரு கண்ணாடித் தொட்டி வாங்க வேண்டியதில்லை. இருபது லீற்றர் கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டியும், சிறு காற்றுப் பம்பியால் இயங்கும் ஸ்பொஞ்ச் வடிகட்டியும், மீன் துள்ளி விழாதிருக்க ஒரு வலை மூடியும் போதும். ஸ்பொஞ்சை முன்கூட்டியே பழைய தொட்டியில் சில வாரங்கள் போட்டு வைத்திருந்தால் நல்ல பற்றீரியாக்கள் அதில் குடியேறியிருக்கும். கடைப் பையை மூடியபடியே கால் மணி நேரம் பெட்டியில் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமானதும் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீரைக் கழிவுத் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். தூரத்திலிருந்து பல மணி நேரம் பையில் வந்த மீனாயின், பையைத் திறந்து வைத்துக்கொண்டு தாமதிப்பது ஆபத்தானது. மூடிய பையில் மீன் வெளிவிட்ட காபனீரொட்சைட்டு தண்ணீரை அமிலமாக்கி, அமோனியாவைத் தீங்கு குறைந்த வடிவில் அடக்கி வைத்திருக்கும். பை திறந்ததும் வாயு வெளியேற, அமோனியா முழு நஞ்சாக மாறிவிடும். பெட்டியில் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம், தனி வலையோடும் தனிக் குழாயோடும் வைத்துப் பார்த்த பின்னரே மற்ற மீன்களோடு சேர்க்கலாம். இக்காலத்தில் லீற்றருக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரை உப்பு சேர்ப்பது கப்பி, மொலி, தங்கமீன் போன்றவற்றுக்கு நல்லது. கொறிடோராஸ் போன்ற செதிலற்ற கெளிறு இனங்கள் உப்பை அவ்வளவாகத் தாங்கா.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மீன்களுக்கு வரும் காசநோய் வகைக் கிருமிகளில் ஒன்றான மைக்கோபக்ரீரியம் மரினம், கையிலுள்ள காயத்தின் வழியே மனிதருக்கும் தொற்றக்கூடியது. தொட்டியைக் கழுவிச் சில வாரங்களின் பின் விரலிலோ புறங்கையிலோ மாறாத கட்டி ஒன்று தோன்றினால், வைத்தியரிடம் வீட்டில் மீன் வளர்ப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் அதை நினைத்துப் பார்க்க வாய்ப்புக் குறைவு. காயமுள்ள கையைத் தொட்டிக்குள் விடுவதும், குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்குவதும் பிள்ளைகளுக்கு அனுமதிக்கப்படவே கூடாது. இந்த நோய் மாதக்கணக்கில் மறைந்திருக்கும் என்பதால், இரண்டு வாரத் திகதி இதைத் தடுக்காது என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இனி, இது நடைமுறைச் சாத்தியமா என்ற கேள்வி. இலங்கையிலிருந்து வெளிநாடுகளுக்கு அனுப்பப்படும் அலங்கார மீன்களுக்கு, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழ் பெறப்படுகிறது. ஏற்றுமதியாளர்கள் மீன்களைத் தனியே வைத்துப் பராமரித்த பின்னரே பொதி செய்கிறார்கள். ஆகவே இந்நாட்டில் அதற்குரிய அறிவும் பழக்கமும் ஏற்கெனவே உண்டு. ஐரோப்பாவில் ஒரு பிள்ளை வாங்கும் இலங்கைக் கப்பிக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்காவது வெள்ளவத்தைப் பிள்ளை வாங்கும் கப்பிக்கும் கிடைக்க வேண்டாமா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களில் விவரச் சுட்டி இடுவது, விலை குறிப்பது, விற்பனை செய்வது ஆகியவை தொடர்பில் வர்த்தகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அச்சபைக்கு வழங்குகிறது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, அலங்கார மீன் வளர்ப்போருக்கு நெடுங்காலமாகப் பயிற்சி அளித்து வருகிறது. அந்தப் பயிற்சி பண்ணையோடு நின்றுவிடாமல், கடையில் வலை பிடித்து நிற்கும் இளைஞர் வரை வந்து சேர வேண்டும். ஒரு நாள் பயிற்சி போதும். வலையை ஒவ்வொரு முறையும் கிருமிநாசினிக் கரைசலில் தோய்த்துக் கழுவ வேண்டும் என்பதை மட்டும் அவர் கற்றுக்கொண்டாலும் பெரும் பயன் விளையும்.

கடைக்காரர்கள் இதை எதிர்க்கக்கூடும். இரண்டு வாரம் மீனை வைத்திருக்க இடம் வேண்டும், உணவு வேண்டும், மின்சாரக் கட்டணம் ஏறியிருக்கும் இந்நாளில் பம்பியை ஓடவிட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் இறக்கும் மீன்களின் நட்டத்தையும் அவர்களே ஏற்க வேண்டும். சிறு கடை நடத்துவோரின் இலாபம் எவ்வளவு சொற்பம் என்பதை நான் அறிவேன். இதைப் பாரமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மீன்கள் இப்போதும் இறக்கத்தான் செய்கின்றன. நட்டத்தைச் சுமப்பவர் மட்டும் வேறு: சேர்த்து வைத்த காசில் வாங்கிய பிள்ளையும், ஏற்கெனவே வீட்டில் நலமாக இருந்து புதிய மீனால் நோயுற்ற பழைய மீன்களும். ஒரு சோடி கப்பியின் விலை சிறிது கூடினாலும், வந்திறங்கிய திகதி எழுதிய தொட்டியிலிருந்து வாங்கவே நான் விரும்புவேன். என்னைப் போல் எண்ணுவோர் நிறையப் பேர் இருப்பர் என்று நம்புகிறேன். நட்டம் தம் கையில் நிற்கும் என்று தெரிந்தால், கடைக்காரரும் தமக்கு மீன் தருபவரிடம் நல்ல மீனைக் கேட்டு வாங்கத் தொடங்குவார். திகதி இலக்கத்தில் எழுதப்படுவதால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற சிக்கலும் இங்கே எழாது. ஐந்து வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து வரும் பாட்டியும் அதைப் படித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கவனித்தாலும் சில மீன்கள் பிழைப்பதில்லை. செதில்கள் யாவும் நிமிர்ந்து உடல் ஊதிப்போன மீன் பெரும்பாலும் மீளாது. அதை நாட்கணக்கில் துடிக்கவிடுவதும் உயிரோடு கழிவறையில் ஊற்றுவதும் கொடுமை. நம் நாட்டிலேயே விளையும் கராம்பின் தைலம் இதற்கு உதவுகிறது. ஒரு லீற்றர் தொட்டித் தண்ணீருக்கு ஏறத்தாழ அரை மில்லிலீற்றர் தைலத்தை, முதலில் சிறிதளவு தண்ணீரில் நன்றாகக் குலுக்கிக் கலந்து சேர்த்தால், மீன் மயங்கி, பின் செவுள் அசைவு நின்று அடங்கும்; அசைவு நின்ற பின்னும் குறைந்தது கால் மணி நேரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும். பிழைக்கும் என்ற எண்ணத்திலோ, வளர்க்க முடியாமல் போனதாலோ மீனை வெள்ளவத்தைக் கால்வாயிலோ தியவன்னா ஓயாவிலோ விடுவது, இரக்கத்தால் செய்யப்பட்டாலும் பெருந்தீங்கு. அலங்கார மீனாக இந்நாட்டுக்கு வந்த கத்தி மீன் இன்று தியவன்னாவிலும் பொல்கொட ஏரியிலும் பெருகிச் சுதேச மீன்களை உண்டு வாழ்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்யவென்று விற்கப்படும் டேங்க் கிளீனர் என்ற மீன் நமது நீர்த்தேக்கங்களில் மீனவரின் வலைகளை நிரப்புகிறது. கடையிலிருந்து வந்த நோயும் அதே வழியில் நமது ஓடைகளுக்குப் போகக்கூடும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் ஒன்றாக அமர்ந்து, முதற்கட்டமாகக் கொழும்பு, தெஹிவளை - கல்கிசை மாநகர எல்லைகளுக்குள் உள்ள கடைகளிலேனும் இந்தத் திகதி நடைமுறையையும், பெயரும் அளவும் எழுதப்படாத மருந்துப் பொட்டலங்களுக்கான தடையையும் கொண்டுவர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். பணிப்புரை வரும்வரை காத்திராமல், அழியாத பேனாவால் தம் தொட்டிகளில் தாமாகவே திகதியை எழுதத் தொடங்கும் கடைகளை வாசகர்கள் தேடிச் சென்று ஆதரிக்க வேண்டும். இக்கடிதத்தின் பிரதிகளை இரு அதிகாரசபைகளுக்கும் தபாலில் அனுப்பியுள்ளேன். பதில் கிடைத்ததும் உங்களுக்கு அறியத் தருவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்
கொழும்பு 6